ஒன்பது வராத ஃபிலிம்

நவம்பர் 3, திங்கள்

வியாழக்கிழமை கல்லூரிக்கு ஆய்வுக் குழு வருகிறது. அதனால் இன்று முழுக்கக் கழுவுதல், துடைத்தல், ஒட்டடை. மழை வேறு. துடைத்த இடமே மறுபடி ஈரம் கோத்து நிற்கிறது. தூத்துக்குடியில் கார்த்திகை பிறக்கும் முன்னே இப்படி.

எங்கள் ஆய்வகத்துக்குப் பெயர் பெரிது, மட்கும் பாலிமர் ஆய்வகம். உள்ளே வந்து பார்த்தால் கஞ்சி காய்ச்சுகிற அடுப்படிதான். மரவள்ளி மாவைத் தண்ணீரில் கரைத்து, காய்ச்சி, கண்ணாடித் தட்டில் ஊற்றிக் காயவைத்தால் மெல்லிசாக ஒரு ஃபிலிம் உரிந்து வரும். பிளாஸ்டிக் பைக்குப் பதில் நாளை இதுதான் என்று ஆய்வகத்தை நடத்துகிற மேடம் எல்லாக் கூட்டத்திலும் சொல்கிறார். எனக்கு இது கூழ்வத்தல் போடுகிற வேலை. உப்பும் போடுகிறோம் என்பதால் இன்னும் பொருத்தம்.

நான் இங்கே உதவியாளராகச் சேர்ந்து எட்டு மாதம். அதற்கு முன்னால் ஒன்பது வருடம் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் இருந்தேன். அந்தக் கைப்பழக்கம் போகவில்லை. பாத்திரத்தில் கலங்கலைக் கண்டால் எனக்குப் பொறுக்காது. ஆய்வு மாணவன் ரெக்சன் விட்டுப்போன இடமோ முழுக்கக் கலங்கல். ஆய்வுப் படிப்பு முடித்துவிட்டு நான்கு மாதம் முன்பு கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரிக்கு வேலைக்குப் போய்விட்டான். அவன் பீக்கர்களில் பாசி பிடிக்காததுதான் பாக்கி.

எல்லாவற்றிலும் மோசம் ஈரப்பதப் பெட்டி. ஃபிலிமை இழுத்துச் சோதிக்கும் முன் இரண்டு நாள் அதற்குள் வைப்போம். பெட்டியின் அடித்தட்டில் சோடியம் புரோமைடு என்கிற உப்பின் கரைசல் இருக்கும். அது இருக்கும்வரை வெளியே மழையோ வெயிலோ, பெட்டிக்குள் காற்றின் ஈரம் ஐம்பத்தெட்டு சதவீதத்திலேயே நிற்கும். மீட்டர்கூட வேண்டாம். அந்தத் தட்டைப் பார்த்தால் அடியில் பாதி உப்பு கரையாமல் சேறு மாதிரி கிடக்கிறது, ஓரமெல்லாம் வெள்ளைப் பொருக்கு. நல்ல தண்ணீரைச் சூடாக்கி ஊற்றி, கண்ணாடி மாதிரி தெளிகிறவரை கிளறி வைத்தேன். இப்போது பார்க்க லட்சணமாக இருக்கிறது.

வீட்டுக்கு வர ஏழு மணி. இவர் தோசை சுட்டு வைத்திருந்தார். ஓரம் கருகல்.

நவம்பர் 6, வியாழன்

ஆய்வுக் குழு எங்கள் அறையில் ஆறு நிமிடம் நின்றது. ஒருவர் பெட்டியைக் காட்டி இது என்ன என்று கேட்டார். மேடம் பதில் சொல்லி முடிப்பதற்குள் அவர் அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

நவம்பர் 7, வெள்ளி

மேடம் காலையிலேயே கூப்பிட்டார். ரெக்சனின் கட்டுரையை ஆய்விதழ் திருப்பி அனுப்பியிருக்கிறது. வேண்டாம் என்று இல்லை. முக்கியமான ஒரு சோதனையை இன்னொருவர் கையால் மறுபடி செய்து காட்டச் சொல்கிறார்கள். அந்த இன்னொருவர் நான்.

அவன் கண்டுபிடிப்பு இதுதான். வெறும் மாவு ஃபிலிம் மடக்கினால் அப்பளம் மாதிரி நொறுங்கும். சமையல் உப்பு போட்டால் காய்ந்தபின் உப்பு மேலே பூத்து இன்னும் கெட்டுப்போகும். மெக்னீசியம் குளோரைடு போட்டால் ஃபிலிம் துணி மாதிரி வளைகிறது. இந்த உப்பு காற்றிலிருந்து ஈரத்தை வாங்கி வைத்துக்கொள்ளும், அதனால் வளைகிறது. நம் ஊர் அளங்களில் உப்பு வாரியபின் மிஞ்சுகிற கசப்புத் தண்ணீரிலேயே இது நிறைய இருக்கிறது, யாரும் சீண்டுவதில்லை. வளைவது பெரிதில்லை, வளைந்தும் வலு குறையவில்லை என்பதுதான் பெரிது. இழுத்தால் ஒன்பது மெகாபாஸ்கல் வரை தாங்குகிறது என்று எழுதியிருக்கிறான். அந்த ஒன்பதின் மேல்தான் அவன் கட்டுரை, ஆய்வேடு, டாக்டர் பட்டம் எல்லாம் உட்கார்ந்திருக்கிறது. டிசம்பர் 12 அவனுக்கு வாய்மொழித் தேர்வு. பட்டம் வராவிட்டால் புது வேலையும் நிற்காது என்றார் மேடம்.

கட்டுரையை முழுக்க வாசித்தேன். அவன் இங்கே இருந்த கடைசி நான்கு மாதம் அறுபத்தெட்டு ஃபிலிம் ஊற்றிக் கொடுத்தவள் நான். கடைசியில் நன்றி சொல்கிற பத்தி ஒன்று இருக்கிறது. ஏசி ரிப்பேர் பார்த்த கம்பெனிக்குக்கூட நன்றி இருக்கிறது. என் பெயர் இல்லை. அதைப் பற்றி எனக்கு ஒன்றும் இல்லை. கண்ணில் பட்டது, எழுதி வைக்கிறேன்.

நவம்பர் 10, திங்கள்

முதல் தடவை ஃபிலிம் ஊற்றி, காயவைத்து, இரண்டு நாள் பெட்டியில் வைத்து, இன்று இழுத்தேன். ஐந்து துண்டு. ஒரு முனை மேல் கவ்வியில், மறுமுனை கீழ்க் கவ்வியில், இயந்திரம் மெதுவாக இழுக்கும், அறுகிற இடத்தில் எண் நிற்கும். சராசரி 6.2.

ஒன்பது எங்கே, ஆறு எங்கே. நான்தான் ஏதோ தப்பாகச் செய்திருப்பேன் என்று மேடத்திடம் சொன்னேன். அவரும் அப்படித்தான் நினைக்கிறார். மறுபடி செய்யச் சொன்னார்.

நவம்பர் 13, வியாழன்

இரண்டாம் தடவை. 4.4.

இது எப்படி? குறைந்தது ஆறு வந்திருக்க வேண்டும். ஒரே மாவு, ஒரே பாட்டில் உப்பு, ஒரே அடுப்பு, ஒரே நான். தராசைச் சரிபார்த்தேன். இயந்திரத்தில் எடைக்கல் தொங்கவிட்டுப் பார்த்தேன், சரியாகக் காட்டுகிறது. உப்பே போடாத ஃபிலிமையும் இழுத்தேன். அதுவும் ரெக்சன் எழுதியதைவிடக் குறைவாக வருகிறது, ஆனால் இவ்வளவு மோசமில்லை. ஒன்றும் புரியவில்லை. தப்பு என்னுடையது என்றால் ஒரே மாதிரியாகவாவது தப்பாக வர வேண்டாமா?

மேடம் முகம் மாறிவிட்டது. அவன் நோட்டை எடுத்துவரச் சொன்னார். நோட்டில் எண்கள் வரிசையாக, அழகாக, ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல் இருக்கின்றன. “இவ்வளவு சுத்தமா யாருக்கு வரும்?” என்றார். நான் அவன் மேசை எவ்வளவு அழுக்கு என்பதை மட்டும் சொன்னேன்.

சாயங்காலம் சேமியா பாயசம் வைத்தேன். இவர் என்ன விசேஷம் என்று கேட்டார். முந்திரி பழசாகிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

நவம்பர் 14, வெள்ளி

மேடம் ரெக்சனை போனில் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார். என்னையும் உட்காரச் சொன்னார். வராண்டாவில் நின்று பேசுகிறான் போல, பின்னால் பிள்ளைகள் சத்தம். எண் வரவில்லை என்று மேடம் சொன்னார்.

“எனக்கு வந்துச்சே மேடம்” என்றான். “எனக்கே இப்ப குழப்பமா இருக்கு. சக்தியக்கா செஞ்சா தப்பா இருக்காது. அவங்க கை சுத்தம்.”

மாவு மாறியிருக்குமோ, மழைக்காலம் என்பதால் இருக்குமோ என்று அவனே ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தான். மழைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, பெட்டி இருக்கிறது என்று நான்தான் சொன்னேன். ஆமாம் அக்கா, பெட்டி இருக்கு என்று அவனும் ஒத்துக்கொண்டான். பாவமாகத்தான் இருந்தது. குரலே இறங்கிவிட்டது.

நவம்பர் 17, திங்கள்

மூன்றாம் தடவை. 2.3. ஃபிலிம் கவ்வியில் பிசுபிசு என்று ஒட்டுகிறது. இழுத்தால் அறுகக்கூட இல்லை, சவ்வு மிட்டாய் மாதிரி நீண்டு தொய்ந்துபோகிறது.

மேடம் ஒரு பக்கத்தில் எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். ‘மூன்று முறை செய்தும் ஆய்வேட்டில் உள்ள மதிப்பு கிடைக்கவில்லை. ஒவ்வொரு முறையும் மதிப்பு மேலும் குறைகிறது. பி. பிரம்மசக்தி.’ உள்ளது உள்ளபடி. கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. இறுதி அறிக்கை 28ஆம் தேதி. அதற்குள் வேறு தகவல் இல்லாவிட்டால் வாய்மொழித் தேர்வை நிறுத்தச் சொல்லிப் பல்கலைக்கழகத்துக்கு எழுதப்போவதாகச் சொன்னார். சொல்லும்போது மேடத்தின் கண் கலங்கியிருந்தது. ஆறு வருடம் அவன் இவரிடம் படித்தவன்.

எனக்குச் சந்தோஷம் ஒன்றும் இல்லை. யாருக்காவது அப்படித் தோன்றினால் அது அவர்கள் பாடு.

இரவுக்குச் சாளைமீன் குழம்பு. புளி தூக்கல்.

நவம்பர் 19, புதன்

ஒரு வினோதம். பெட்டியைத் துடைக்கலாம் என்று அடித்தட்டை வெளியே இழுத்தேன். கரைசல் தளும்பிச் சட்டையில் கொட்டியது. நான் 3ஆம் தேதி வைத்தபோது தட்டில் முக்கால்தான் இருந்தது, நன்றாக நினைவிருக்கிறது. இப்போது விளிம்பு வரை நிற்கிறது. யார் தண்ணீர் ஊற்றினார்கள்? அறைச் சாவி என்னிடமும் மேடத்திடமும்தான் இருக்கிறது. மேடம் ஏன் ஊற்றப்போகிறார்?

தட்டின் பக்கவாட்டில் மார்க்கர் பேனாவால் கோடு போட்டுவிட்டு, பெட்டியைச் சாத்தி டேப் ஒட்டினேன். என்னிடமா விளையாட்டு.

நவம்பர் 20, வியாழன்

டேப் அப்படியே இருக்கிறது. தண்ணீர் கோட்டுக்கு மேலே நூலளவு ஏறியிருக்கிறது. யாரும் ஊற்றவில்லை.

பத்து மணிக்குத் தாவரவியல் துறையில் போய் ஈரப்பத மீட்டரை இரவல் வாங்கி உள்ளே வைத்தேன். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் எழுபத்தொன்பது. ஐம்பத்தெட்டு இருக்க வேண்டிய இடத்தில் எழுபத்தொன்பது. மீட்டர் கெட்டுப்போயிருக்கும் என்று வெளியே வைத்துப் பார்த்தேன். கெடவில்லை.

ரெக்சனின் ஆய்வேட்டை எடுத்தேன். அதில் குற்றம் கண்டுபிடிக்க நான்கு முறை வாசித்திருக்கிறேன், செய்முறைப் பக்கத்தைத் தெரிந்ததுதானே என்று தள்ளிவிட்டிருக்கிறேன். அறுபத்தோராம் பக்கம். தட்டின் அடியில் கரையாத உப்பு எப்போதும் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று போட்டிருக்கிறான். கரையாத உப்பு மிச்சம் இருந்தால்தான் ஈரம் ஒரே அளவில் நிற்கும். கூடுதல் ஈரம் வந்தால் கொஞ்சம் உப்பு கரைந்து அதைச் சரிக்கட்டும். முழுக்கக் கரைத்துவிட்டால் அது வெறும் உப்புத்தண்ணீர். காற்றிலிருந்தும் ஃபிலிமிலிருந்தும் ஈரத்தைக் குடித்துக்குடித்து நாளுக்கு நாள் நீர்த்துப்போகும், பெட்டிக்குள் ஈரம் ஏறிக்கொண்டே இருக்கும். ஏற்கெனவே ஈரத்தை இழுக்கிற உப்பைச் சுமந்திருக்கிற ஃபிலிம் அதில் என்ன ஆகும்? 6.2 ஆகும். 4.4 ஆகும். 2.3 ஆகும்.

அந்தச் சேற்றை நான் அல்லவா கரைத்தேன். கண்ணாடி மாதிரி தெளிகிறவரை கிளறினேன்.

நவம்பர் 21, வெள்ளி

தண்ணீர் வரும் நாள். ஆறு குடம், ஒரு டிரம். மாவு அரைத்தேன். ஆய்வகத்துக்குப் போகவில்லை, தலைவலி என்று மேடத்துக்குச் செய்தி அனுப்பினேன். உடம்பைப் பார்த்துக்கொள் என்று பதில் போட்டார்.

நவம்பர் 22, சனி

இவரிடம் சொன்னேன். இவர் அனல்மின் நிலையத்தில் கொதிகலன் பிரிவில் இருக்கிறார், மீட்டரும் வால்வும்தான் வாழ்க்கை. முழுக்கக் கேட்டுவிட்டு, தப்பு என்று தெரிந்ததும் உடனே ஏன் மேடத்திடம் சொல்லவில்லை என்று கேட்டார். ஏன் என்று எனக்குத் தெரியவில்லை என்றேன். வேலை போய்விடும் என்ற பயமா என்றார். இருக்கலாம். அப்படித்தான் இருக்க வேண்டும்.

ஒன்பது வருடத்தில் ஒரு மாதிரிகூட நான் தப்பாகப் பார்த்ததில்லை. அங்கே தெளிவாக இருந்தால் நல்லது, கலங்கினால் கெட்டது. இங்கே வந்து எல்லாம் தலைகீழ். யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை என்று சொல்லலாம். அறுபத்தோராம் பக்கத்தில் சொல்லியிருக்கிறது.

நவம்பர் 24, திங்கள்

மேடம் இரண்டு நாள் மதுரைக்குப் போயிருக்கிறார். தட்டைக் கவிழ்த்தேன். புது உப்பைக் கொட்டி, கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு, களி மாதிரி குழைத்து வைத்தேன். பார்க்கவே அசிங்கமாக இருக்கிறது. மீட்டரை உள்ளே வைத்தேன். சாயங்காலம் அறுபத்திரண்டு.

நவம்பர் 25, செவ்வாய்

காலையில் ஐம்பத்தெட்டு. புது ஃபிலிம்களை உள்ளே வைத்தேன்.

நவம்பர் 27, வியாழன்

9.4, 8.8, 9.2, 9.0, 9.1. சராசரி 9.1.

ரெக்சன் ஒன்பது என்று எழுதியிருக்கிறான். அவன் சரி.

மேடம் மதுரையிலிருந்து வந்துவிட்டார், அறையில்தான் இருந்தார். நேரே அங்கே போயிருக்க வேண்டும். மாடிப்படிக்குப் போய் ரெக்சனுக்கு போன் போட்டேன். முதலில் அவனிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. தட்டை நான் கரைத்ததைச் சொன்னேன், பெட்டியில் ஈரம் ஏறியதைச் சொன்னேன், இன்று வந்த எண்களை வாசித்தேன். உன் எண் சரிதான் தம்பி, என் தப்புதான், நாளைக்கு மேடத்திடம் எழுதிக் கொடுத்துவிடுகிறேன் என்றேன். அவன் சந்தோஷத்தில் கத்துவான் என்று போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளியே வைத்திருந்தேன்.

அவன் கத்தவில்லை.

“அக்கா, நீங்க உள்ளதச் சொல்லிட்டீங்க. நானும் ஒண்ணு சொல்லுதேன்” என்றான். “அந்தக் கடைசி வரிசையில நான் மூணு துண்டுதான் இழுத்தேன். அன்னைக்குக் கவ்வி ஒடஞ்சுபோச்சு. மறுநாள் வேலைக்குச் சேரணும். மத்த ரெண்டும் நானா எழுதினது.”

அதுதான் ஒன்பது தருகிற வரிசை. 9.2, 8.9, 9.1 அவன் இழுத்தது. 8.8, 9.0 அவன் எழுதியது. நோட்டில் எது எது என்று தெரியாது, எல்லாம் ஒரே நீல மையில் வரிசையாக இருக்கிறது. மேடம் போனில் கேட்டதிலிருந்து மற்ற மூன்றையும்கூட உண்மையில் இழுத்தோமா என்று தனக்கே சந்தேகம் வந்துவிட்டதாகச் சொன்னான். இரண்டு வாரமாகச் சாப்பாடு இறங்கவில்லையாம்.

அப்புறம் பேசுகிறேன் என்று சொல்லி போனை வைத்தேன்.

அவன் செய்தது பொய். ஆனால் எண் சரி. நான் செய்தது பொய்யில்லை. என் எண் எல்லாம் தப்பு. இதை யாரிடம் போய்க் கேட்பது? பேருந்தில் இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப்போய் நடந்து வந்தேன். வீட்டில் காய்ச்சிய பால் பொங்கி வழிந்தது, பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தும்.

நவம்பர் 28, வெள்ளி

பெட்டியில் கோளாறு இருந்தது தெரியவந்திருக்கிறது, திங்கள் வரை நேரம் வேண்டும் என்று மட்டும் மேடத்திடம் கேட்டேன். கோளாறு யாரால் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கடிதத்தை நிறுத்தி வைப்பதாகச் சொன்னார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

மத்தியானம் ரெக்சனைக் கூப்பிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வா, ஐந்து துண்டு பெட்டியில் தயாராக இருக்கும், ஐந்தையும் உன் கையால் இழு, அந்தப் பழைய வரிசையை அடித்துவிட்டு இதை எழுது, எழுதியதை நீயே மேடத்திடம் சொல் என்றேன். சொல்லாமல் விட்டால் என்ன அக்கா, எண்தான் சரியாக வருகிறதே என்றான். நியாயமான கேள்விதான். நீ வா என்று மட்டும் சொன்னேன்.

நவம்பர் 30, ஞாயிறு

காலை ரயிலில் வந்து நேரே ஆய்வகத்துக்கு வந்துவிட்டான். ஆள் பாதியாகிவிட்டான். தாடி வேறு. இட்லி கட்டிக்கொண்டு போயிருந்தேன். ஆறு இட்லியையும் நின்றுகொண்டே தின்றான். தட்டில் கிடக்கிற களியைப் பார்த்ததும் சிரித்தான், நானும் சிரித்துவிட்டேன்.

முதல் துண்டு 9.3. இரண்டாவது 9.0. மூன்றாவது 8.7. நான்காவது 9.1. ஒவ்வொரு எண்ணுக்கும் அவன் தோள் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்தது. ஐந்தாவதைக் கவ்வியில் மாட்டும்போது இரண்டு பேரும் ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தோம். அது 6.1இல் அறுந்தது.

எடுத்து விளக்கில் பிடித்துப் பார்த்தேன். நடுவில், சரியாக அறுந்த இடத்தில், கடுகளவு காற்றுக்குமிழி. கஞ்சியை ஊற்றும்போது நான் விட்ட குமிழி. கவ்விக்குள்ளேயே அறுந்திருந்தால் தள்ளிவிடலாம், அது விதி. குமிழியை இழுப்பதற்கு முன் கண்டாலும் தள்ளலாம். இழுத்து, எண்ணைப் பார்த்துவிட்டு, அப்புறம் குமிழியைக் கண்டுபிடிக்கக் கூடாது.

“அக்கா, இன்னொரு துண்டு கெடக்கு” என்றான். பெட்டியைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தான்.

“கெடக்கு” என்றேன். உபரியாக ஒன்று வெட்டி வைத்திருந்தேன். எடுக்காதே என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்றுதான் ஓடியது.

நெடுநேரம் பேனாவை வைத்துக்கொண்டு நின்றான். பிறகு பழைய வரிசையின் மேல் ஒரு கோடு இழுத்தான். கீழே ஐந்து எண்ணையும் எழுதினான், கடைசியில் 6.1. பக்கத்தில் குமிழி என்று எழுதினான். சராசரி 8.4. எழுத்து கோணிவிட்டது. அந்த நோட்டிலேயே அசிங்கமான பக்கம் அதுதான்.

டிசம்பர் 1, திங்கள்

இரண்டு பேரும் மேடத்தின் அறைக்குப் போனோம். அவன் இரண்டு எண்களைப் பற்றிச் சொன்னான். நான் தட்டைப் பற்றி எழுதிய அறிக்கையைக் கொடுத்தேன். மேடம் முதலில் அவனைத் திட்டினார், பிறகு என்னை, பிறகு மறுபடி அவனை. பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாங்கள் நின்றோம்.

கடைசியில் முடிவு சொன்னார். ஆய்வேட்டில் அந்தப் பக்கத்தைத் திருத்தி, ஏன் திருத்தினோம் என்ற காரணத்தோடு பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப வேண்டும். 12ஆம் தேதி தேர்வு நடக்காது. அவர்கள் ஒத்துக்கொண்டால் பிப்ரவரியில் நடக்கும். ஒத்துக்கொள்ளாமலும் போகலாம். அவன் கல்லூரிக்கும் அவனே சொல்லிக்கொள்ள வேண்டும். ரெக்சன் சரி மேடம் என்றான். அழுவான் என்று நினைத்தேன், அழவில்லை. வெளியே வந்து ஒரு டீ குடிக்கலாம் அக்கா என்றான்.

நான் கிளம்பும்போது மேடம் என்னை மட்டும் நிறுத்தினார். “நீ தட்டு உப்பைக் கரைச்சதை நான் கண்டுபிடிச்சிருக்கவே மாட்டேன். மறைக்காம எழுதினே பாரு, அது பெரிய விஷயம்.”

டிசம்பர் 2, செவ்வாய்

ரெக்சன் ஊர் போய்ச் சேர்ந்து செய்தி அனுப்பியிருக்கிறான். உங்களை மாதிரி நேர்மையான ஆளை நான் பார்த்ததில்லை அக்கா என்று. மூன்று முறை வாசித்தேன்.

6.2 வந்த அன்றே எனக்குப் பெட்டியில் சந்தேகம் வந்தது. புதுசாக மாற்றியது அந்தத் தட்டு ஒன்றுதான், அது எனக்குத் தெரியும். தராசைப் பார்த்தேன், உப்பு பாட்டிலைப் பார்த்தேன், இயந்திரத்தில் எடைக்கல் தொங்கவிட்டேன். பெட்டியின் தட்டை மட்டும் பார்க்கவில்லை. 4.4 வந்தபோது மனசுக்குள் இனித்தது. இன்னும் குறையட்டும் என்று இருந்தேன். குறைந்தது. கோடு போட்டு, டேப் ஒட்டி, யாரோ தண்ணீர் ஊற்றுகிறார்கள் என்று இந்த நோட்டிலேயே நாடகம் எழுதியிருக்கிறேன்.

அறிக்கையில் ‘கவனக்குறைவு’ என்று எழுதியிருக்கிறேன். கீழே என் கையெழுத்து இருக்கிறது.